இரட்டைப் பதிவு

தொண்ணூறடி ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
நடந்தே வந்துவிடலாம், மழை இல்லையென்றால்.
மழை இருந்தது.
ஈரச் செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு
இரவுப் பணியைத் திறக்கிறேன்.

ஒப்பந்த ஏஜென்சியின் நீலக் கயிற்றில் தொங்கும் அட்டையில்
எஸ். இசக்கியம்மாள்.
"ஆட்நாவ் காய்?" என்பார்கள் வந்த புதிதில்.
எஸ் என்பது அப்பா என்றால்
அப்பா எப்படி ஆட்நாவ் ஆவார் என்று சிரிப்பார்கள்.
புது மென்பொருளும் அதையேதான் கேட்கிறது,
சிரிக்காமல்.

கடைசிப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை.
கோடு போட்டேன், ஏற்கவில்லை.
விராரிலிருந்து வரும் பகல்நேரப் பையன்
எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் மதராசி என்று அடித்துவிட்டான்.
நூற்று நாற்பது பேர் இப்போது ஒரே குடும்பம்.
ஊரில் பெயரின் வாலிலிருந்து
எங்கள் தாத்தாமார் வெட்டிப் போட்டதை
இந்தக் கட்டம் பணிவாகத் திரும்பக் கேட்கிறது.
நான் தருவதில்லை.
அப்பன் பெயர், ஆத்தாள் பெயர்,
கூட வந்தவர் பெயர், ஏதோ ஒரு மனிதப் பெயர்.

தீபாவளிக்குள் கட்டுக்கட்டான கேஸ் பேப்பர் எல்லாம்
உள்ளே ஏறிவிட வேண்டும்.
ஏற ஏற அது சந்தேகப்படும்:
இந்த இருவரும் ஒருவராக இருக்கலாம்,
தொண்ணூற்று நான்கு சதவீதம், இணைக்கவா?
ஷண்முகவடிவு, சண்முகவடிவு, சன்மகவடி.
ஒரே சர்க்கரை, ஒரே இடதுகால் புண்.
இணை.

இரண்டு மணிக்கு வந்தது வேறு மாதிரி.
இணைக்கவா என்று கேட்கவில்லை,
பிழை என்றது.
பேச்சியம்மாள், இருபத்தாறு வயது, ஒரே எண்.
போன மார்ச் பதினொன்றில் பிரசவம். ஆண், இரண்டு கிலோ எழுநூறு.
அதே ஜூலை முப்பதில் பிரசவம். பெண், இரண்டு கிலோ நூறு.
நடக்க முடியாத நிகழ்வு.
ஒன்றை நீக்கவும்.

காகிதக் கட்டை அவிழ்த்தேன்.
மார்ச்சில் ஓ பாசிட்டிவ், சாய்ந்த தமிழில் ஒரு கையெழுத்து.
ஜூலையில் பி நெகட்டிவ், ஒரு கட்டைவிரல்.
நான்கு மாதத்தில் பேச்சி
நாலு விரற்கடை குள்ளமாகி
படித்ததையும் மறந்திருந்தாள்.

யாரும் கேட்கவில்லை போலும்.
பனிக்குடம் உடைந்து நிற்பவளிடம் எந்தக் கவுன்ட்டர் கேட்கும்?
ஓர் அட்டை, இரண்டு வயிறு.
தங்கச்சியோ, பக்கத்துக் குடிசையோ,
காகிதம் எதுவும் இல்லாமல் வந்து இறங்கிய யாரோ.

நீக்கினால் அந்தப் பெண்குழந்தை பிறக்கவேயில்லை.
மேலே சொன்னால் அட்டை கொடுத்தவளுக்கு வழக்கு.
அப்படியே விட்டால் முதலில் ஏறிய ரத்தம்தான் நிற்கும்.
அடுத்த பிள்ளைக்கு அவள் வரும்போது
திரை ஓ பாசிட்டிவ் என்று சத்தியம் செய்யும்.
ஜூலைத் தாளின் ஓரத்தில்
ஏதோ ஒரு சிஸ்டர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்:
நெகட்டிவ் ஊசி போட்டாச்சு. அடுத்த தடவையும் கட்டாயம்.
அந்தக் குறிப்புக்கு மென்பொருளில் கட்டமே இல்லை.

டீ ஆறிப்போன பிறகுதான் கண்ணில் பட்டது.
ரயிலில் அடிபட்டு வருகிறவர்களுக்காக
மூலையில் ஒரு பொத்தான்:
அடையாளம் தெரியாதவர்.
அதை அழுத்தியதும்
சிவப்பு நட்சத்திரங்கள் அத்தனையும் அணைந்தன.
பெயர் கேட்கவில்லை. ஆட்நாவ் கேட்கவில்லை.
பி நெகட்டிவ் என்று மட்டும் வாங்கிக்கொண்டு
புது எண் ஒன்று கொடுத்தது.
மகளை அதன் கீழே இறக்கி வைத்தேன்.
தணிக்கைக்காரர் ஒருநாள் கேட்கக்கூடும்,
அடையாளம் தெரியாத பெண்
குழந்தையோடு எப்படி நடந்து வீட்டுக்குப் போனாள் என்று.
கேட்கட்டும்.

விடிந்தபின் வாசல் வடாபாவ் கடையோரம் நின்று
என் போனிலிருந்தே அழைத்தேன்.
விதிப்படி கூடாது.
குக்கர் விசில். ஒரே பொம்மைக்கு
இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் சத்தம்.
"பேச்சியம்மாளா?"
விசில் அடங்கும்வரை பதில் இல்லை.
"எந்தப் பேச்சி வேணும்?"

பி நெகட்டிவ் பேச்சி, என்றேன்.